பீரோவுக்குள் இருந்த டிகாப்ரியோ

1998ல் செல்லூர் வீட்டில், பீரோ கதவின் உள்பக்கம் அக்கா ஒரு படம் ஒட்டியிருந்தாள். நெற்றியில் வந்து விழும் முடியோடு லியோனார்டோ டிகாப்ரியோ. பட்டுச்சேலை எடுக்கப் போன அம்மா, "யாருடி இவன், சோறே திங்க மாட்டான் போல?" என்றாள்.

‘டைட்டானிக்’ ஓடிய நேரம். அதே முடி வேண்டுமென்று சலூனுக்குப் போனேன். என் சுருட்டை முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு சலூன்கார அண்ணன் பேசாமல் மெஷினை எடுத்துவிட்டார்.

படத்துக்கு 11 ஆஸ்கர். அதில் ஜாக்காக நடித்த, உலகமே கொண்டாடிய டிகாப்ரியோ பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. அக்கா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இத்தனைக்கும் 19 வயதிலேயே துணை நடிகருக்கான பரிந்துரை வாங்கியவர். அழகான முகம் என்பதாலேயே அதை மறந்துவிட்டார்கள் என்று எனக்குப் படும்.

2016ல் ஒருவழியாகச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அன்று காலையிலேயே திருமங்கலத்திலிருந்து அக்கா போன். "டேய், குடுத்துட்டாங்கடா!" பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

பீரோ இப்போது என் வீட்டில். பசை ஒட்டிய நாலு மூலைத் தடம் இன்னும் போகவில்லை.