பனிமலையில் குளிர்கால நடை

குளிர்காலத்தில் பனி மூடிய மலையில் ஏறும்போது வியர்வைக்கே நான் முதலில் அஞ்சுகிறேன். ஏற்றத்தில் உடல் சூடேறி உட்புற ஆடை நனைந்துவிட்டால், சற்று நின்றவுடனே அந்த ஈரம் உடலின் வெப்பத்தை விரைவாக உறிஞ்சிவிடும் என்பதால், இலேசாகக் குளிரும் அளவுக்கு மட்டும் உடுத்திப் புறப்பட்டு, நிற்கும் இடங்களில் மேலங்கியை அணிந்துகொள்வதே என் வழக்கம். பருத்தி ஆடை இங்கே அறவே கூடாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைத் தரும்.

மிகப் பெரிய ஆபத்து, மலைமீதுள்ள பனி திடீரெனப் பெயர்ந்து சரிந்து விழும் பனிச்சரிவுதான். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளிலேயே அது நிகழ்கிறது. புதிதாக நிறையப் பனி பெய்த பிறகும், காற்று பனியை வாரிக் கொண்டுவந்து ஒருபுறமாகக் குவித்த பிறகும், எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், அத்தகைய சரிவுகளின் மீதோ அவற்றின் அடிவாரத்திலோ நான் நடப்பதில்லை. அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்காமல் கிளம்புபவரோடு சேர்ந்து செல்லவும் நான் உடன்படுவதில்லை. முழுவதுமாகப் புதையுண்டவரை முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மீட்புக் குழு வந்து சேரும்வரை காத்திருக்க நேரமிராது என்பதால், புதையுண்டவர் இருக்கும் இடத்தை அறிய உதவும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தே ஆக வேண்டும்.

கறுப்புக் கண்ணாடியையும் மறக்க வேண்டாம். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது. மேகமூட்டமான நாளிலும் அது கண்ணைப் பாதிக்கும்.