ஓட விட்டால் களைத்துவிடுவான் என்று நினைத்தோம்: வாலுவுடன் நான்கு மாதம்

நாய்கள் காப்பகத்தில் அவன் கூண்டில் தொங்கிய அட்டையில் 'மிகவும் சுறுசுறுப்பு, புத்திசாலி' என்று எழுதியிருந்தது. அட்டையில் இல்லாத ஒன்றைப் பராமரிப்பவர் வாய்வார்த்தையாகச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்தவனாம். இரண்டு தடவையும் ஒரே காரணம்தான்: சமாளிக்க முடியவில்லை. வயது ஒன்றரை இருக்கும், எடை 19 கிலோ. என்ன கலப்பு என்று யாருக்கும் தெரியாது. ஓடுகிற எதையும் வளைத்து மடக்கி ஒரு மூலையில் சேர்க்கப் பார்ப்பதைக் கண்டால், மந்தை மேய்த்த முன்னோர் யாரோ இருந்திருக்க வேண்டும். வாலு என்று பெயர் வைத்தது மகள்.

முதல் மூன்று நாள் மேஜைக்கு அடியிலேயே கிடந்தான். எல்லோரும் படுத்த பிறகுதான் சாப்பிட்டான். "இந்தச் சாதுவையா திருப்பிக் கொடுத்தார்கள்?" என்று பேசிக்கொண்டோம். கொட்டாவி விட்டான், உதட்டை நக்கினான், முகத்தைத் திருப்பியபடியே ஓரக்கண்ணால் வெள்ளைவிழி தெரியப் பார்த்தான். தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். அத்தனையும் பயத்தின் அடையாளம் என்பது பிறகுதான் தெரிந்தது. தத்தெடுப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: திகைப்பு தணிய மூன்று நாள், வீட்டின் போக்கு பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று மனதில் பதிய மூன்று மாதம். எங்கள் விஷயத்தில் முதல் கணக்கு மட்டும் அச்சு அசலாகப் பலித்தது.

நான்காம் நாள் காலை வாலு எழுந்து வந்தான். சாக்ஸ், ரிமோட், சோபாவின் ஒரு மூலை. ஐந்தாம் நாள் கதவு. எங்கள் அறைக் கதவில் கீழே அழுத்தித் திறக்கும் நீளக் கைப்பிடி. மனைவி இரண்டு கையிலும் துணிக்கூடை இருந்ததால் முழங்கையால் அதை அழுத்தித் திறந்தாள். வாலு உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் கழித்துப் பின்னங்காலில் நின்று, முன்னங்காலைக் கைப்பிடியில் போட்டுத் தொங்கி, உடம்பாலேயே கதவைத் தள்ளினான். உள்ளே என் பையில் உலர்திராட்சைப் பொட்டலம் இருந்தது. நல்லவேளை, பிரிப்பதற்குள் பிடித்துவிட்டேன். திராட்சை, குறிப்பாக உலர்ந்தது, நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. அன்று மாலையே கைப்பிடியைக் கழற்றி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டினேன். வீட்டுக்கு வருபவர்கள் இன்றைக்கும் அந்தக் கதவின் முன் குழம்பி நிற்கிறார்கள்.

அப்புறம் செய்ததுதான் பெரிய தப்பு. இவனுக்குத் தெம்பு அதிகம், ஓடவிட்டுத் தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காலையில் 5 கிலோமீட்டர் ஓட்டம், மாலையில் முக்கால் மணி நேரம் பந்து. முதல் இரண்டு நாள் வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்தான். இரண்டாவது வார முடிவில் நான் சுருண்டு படுத்தேன், அவன் பந்தைக் கவ்விக்கொண்டு என் தலைமாட்டில் நின்றான். உட்கார்ந்து யோசித்தால் விஷயம் சாதாரணம்தான்: ஒரு ஓட்டப்பந்தய வீரனுக்குத் தினமும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அவன் ஏன் களைக்கப் போகிறான்? நோட்டில் குறித்து வைத்ததில், ஒரு நாளைக்கு மொத்தமே 9 மணி நேரம்தான் தூங்கியிருந்தான். வளர்ந்த நாய்க்கு 12 மணி நேரமாவது வேண்டும். தூக்கம் போதாத குழந்தை மாதிரி, மாலையானால் காரணமே இல்லாமல் குரைத்து, கடித்து, வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

"ஏண்டா, இவன் ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டானா?" என்று அம்மா கேட்டார். புலம்பலாகத்தான் கேட்டார், ஆனால் அதுதான் சரியான கேள்வி. வலி, நோய் எதுவும் இல்லை என்று பார்த்து உறுதி செய்த கால்நடை மருத்துவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்: "ஓட்டத்தைக் குறைங்க. மூக்குக்கு வேலை கொடுங்க. சும்மா இருக்கறதையும் பழக்கினாத்தான் வரும்."

மூன்றாவது வாரத்திலிருந்து பந்தைப் பரணில் போட்டோம். ஓட்டத்துக்குப் பதில் ஐந்து மீட்டர் கயிற்றில் அரை மணி நேர நடை. எங்கே போவது, எதை முகர்வது எல்லாம் அவன் விருப்பம். ஒரு கம்பத்தின் அடியில் நான்கு நிமிடம் நின்றான், பேசாமல் நானும் நின்றேன். மணம் பிடிக்கும் ஏற்பிகள் நமக்குச் சில பத்து லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். நமக்கு வெறும் கம்பம், அவனுக்கு அன்றைய செய்தித்தாள்.

சாப்பாட்டுக் கிண்ணத்துக்கும் ஓய்வு. பழைய துண்டை விரித்து, அதில் அவன் உணவைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தேன். முதல் நாள் கிளறிப் பிராண்டி எடுக்க ஏழு நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் துண்டின் ஓரத்தை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, மூக்கால் உருட்டிப் பாய் விரிப்பது போல விரித்துவிட்டான், 40 விநாடி. அடுத்த நாள் முடிச்சுப் போட்டேன். இப்போது இரண்டு முடிச்சு, அட்டைப்பெட்டிக்குள் பெட்டி என்று போய்க்கொண்டிருக்கிறது. இருபது நிமிடம் இப்படி வேலை பார்த்தால் 5 கிலோமீட்டர் ஓடியும் வராத தூக்கம் தூங்குகிறான்.

சும்மா இருக்கப் பழக்கியதுதான் இழுத்தது. ஒரு விரிப்பு. அதில் அவனாக வந்து படுத்தால், பாராட்டு இல்லை, கண்ணைப் பார்ப்பது இல்லை, முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு துண்டுத் தீனியை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஒரு விநாடி தாமதித்தாலும் எழுந்து விடுவான், அப்புறம் எழுந்ததற்குச் சன்மானம் கொடுத்ததாக ஆகிவிடும். செய்தது சரி என்று நாய்க்குக் காட்ட அழுத்தும் கிளிக்கர் கருவியின் 'டிக்' சத்தமே அவனை உசுப்பிவிட்டதால் இதற்கு மட்டும் அதை ஒதுக்கினேன். ஐந்தாவது வாரம் முதல் முறையாக இடுப்பை ஒருபக்கம் சரித்து, தாடையைத் தரையில் வைத்து, பெருமூச்சு விட்டான். நானும்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் விளையாட்டில்லை. ஐந்து வயது மகன் ஓடினால் வாலு அவன் குதிகாலைக் கவ்வினான், ஆட்டைத் திருப்பும் அதே பழக்கம். தோல் கிழியவில்லை, ஆனாலும் பெரியவர்கள் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விடுவதில்லை, நடுவில் தடுப்புக் கதவு. பிள்ளைகளுக்கு 'மரம்' சொல்லிக்கொடுத்தோம்: பாய்ந்து வந்தால் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். மரத்தை மேய்க்க முடியாதே. மூன்று வாரத்தில் கவ்வுவது நின்றது, தடுப்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

அமெரிக்காவில் சேஸர் என்ற பார்டர் கோலி இன நாய் 1,022 பொம்மைகளின் பெயரை அடையாளம் கண்டது என்று 2011-இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். வாலுவின் கணக்கு இப்போதைக்கு நான்கு.

இப்போது நடப்பது அழைப்பு மணிப் பயிற்சி. மணி அடித்தால் குரைக்காமல் விரிப்புக்குப் போனால் தீனி. குரைத்துவிட்டு அப்புறம் போனாலும் இரக்கப்பட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நேற்று மதியம் மணியே அடிக்கவில்லை. வாலு எழுந்து வாசலைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைத்தான், திரும்பி விரிப்புக்கு ஓடினான், படுத்தான், தீனி டப்பாவைப் பார்த்தான்.