14 லட்சம் வியூஸும் வாழைக்குழியில கொட்டுன வடகமும்

முந்தா வருஷம் ஐப்பசி மாசம், தீபாவளிக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு, விடிகாலைல எழுந்து போனை எடுத்தா இன்ஸ்டாகிராம்ல எங்க வடக ரீலை 3 லட்சம் பேர் பாத்திருக்காங்க. ராத்திரி படுக்கும்போது அது நாலாயிரம்தான். ரீல் போட்டது வைகாசில, அஞ்சு மாசமா அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடந்துச்சு, யாரு யாருக்கு அனுப்புனாங்களோ திடீர்னு புடிச்சுக்கிச்சு. தீபாவளி அன்னைக்குப் பாத்தா 14 லட்சம்.

அந்த ரீல்ல பெருசா ஒண்ணும் இல்லங்க. அம்மா இரும்புக் கரண்டில நல்லெண்ணெய் காய வச்சு வடகத்தைக் கிள்ளிப் போடுவாங்க, அது படபடன்னு பொரிஞ்சு கருகுற பதத்துக்கு ஒரு நொடி முன்னாடி அப்படியே வத்தக்குழம்புல கவுத்துவாங்க, சொய்ங்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், 22 செகண்ட். அந்த சத்தத்துக்குத்தான் அத்தனை பேரும் வந்தாங்க. கமெண்ட்ல "எங்க பாட்டி ஞாபகம் வந்துருச்சு"ன்னு எழுதுனதையெல்லாம் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, எனக்கும்தான்.

எங்க ஊரு தஞ்சாவூர் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆத்தங்கரை. அம்மா தாளிப்பு வடகம் போட்டு விக்கிறாங்க, நான் போனையும் பார்சலையும் பாத்துக்குறேன். டெல்டாக்காரங்களுக்கு வடகத்தைப் பத்தி சொல்ல வேணாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன். சின்ன வெங்காயத்தை நறுக்கி, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், பெருங்காயம், உப்பு எல்லாம் போட்டுப் பெசைஞ்சு ஒரு ராத்திரி பானைல ஊற வச்சு, மறுநாள் தண்ணிய வடிச்சுட்டு உருண்டை புடிச்சு வெயில்ல வைக்கணும். சாயங்காலம் எடுத்து உதுத்து, வடிச்ச அந்தத் தண்ணிலயே மறுபடி போட்டுப் பெசையணும், காலைல மறுபடி வெயில். தண்ணி பூரா உள்ள இழுத்துக்குற வரைக்கும் இப்படியே போகும், அப்புறம் வெளக்கெண்ணெய் தடவித் திரும்ப காய வைக்கணும். சரியா பத்து நாள். அதுவும் பங்குனி சித்திரை வெயிலா இருந்தாத்தான். பத்து கிலோ வெங்காயம் போட்டா கடைசில கைக்கு வர்றது ரெண்டரை கிலோ.

இப்ப கணக்கு புரிஞ்சிருக்கும். எங்க கடைக்கு முதலாளி வெயிலு. ஐப்பசில எங்க ஊர்ல வெயில் கெடையாது, அடை மழை, சம்பா வயல்ல தண்ணி நிக்குற மாசம்.

அப்ப கையில இருந்தது 18 கிலோ. அது சும்மா மிச்சம் இருந்த சரக்கு இல்ல, அம்மா வருஷா வருஷம் தீபாவளிக்குன்னு எடுத்து வைக்கிறது. வெளியூர்ல இருக்குற பிள்ளைங்க தீபாவளிக்கு வந்துட்டுப் போகும்போது கட்டிக் குடுக்கன்னு ஒரு இருபது வீட்டுக்காரங்க வாங்குவாங்க. நான் என்ன பண்ணேன்னா, ரீல் ஏறுற வேகத்துல "ஸ்டாக் இருக்கு, உடனே ஆர்டர் பண்ணுங்க"ன்னு ஸ்டோரி போட்டு ஒன்றரை நாள்ல 18 கிலோவையும் வித்துட்டேன். கோயமுத்தூர், பெங்களூரு, ஓசூர்னு முன்னபின்ன தெரியாதவங்களுக்கு. அதோட நிக்காம இன்னும் 40 கிலோவுக்கு ஜிபேல அட்வான்ஸும் வாங்கிட்டேன். அம்மா அன்னைக்கே சொன்னாங்க, "மழைக்காலத்துல எவளாவது வடகம் போடுவாளா பாப்பா, வேணாம், காசைத் திருப்பிக் குடுத்துரு". நான் கேக்கல.

மொத ஈடுக்குன்னு பெரம்பலூர் பக்கத்து வெங்காயம் 30 கிலோ வாங்கி ரெண்டு அண்டால ஊறப் போட்டோம். ஒரு ரூம்ல கோரைப்பாய் விரிச்சு, மேல வேட்டி விரிச்சு, டேபிள் ஃபேன் ரெண்டு ராத்திரி பகலா ஓடுச்சு. மொத நாள் நல்லாத்தான் வாசம் வந்துச்சு. மூணாம் நாள் காலைல கதவைத் தொறந்தா புளிச்ச வாடை, உருண்டையெல்லாம் கொழகொழன்னு, ஒண்ணை எடுத்துப் பிட்டுப் பாத்தா நடுவுல பஞ்சு மாதிரி வெள்ளையா பூஞ்சை. அம்மா ஒரு வார்த்தை பேசல. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் அண்டாவைப் புடிச்சு கொல்லைல வாழைக்குழியில கொட்டுனோம். அட்வான்ஸ் குடுத்த 57 பேருக்கும் ஒவ்வொருத்தரா திருப்பி அனுப்புனேன், சில பேரு "ஃபிராடு"ன்னு கமெண்ட்ல எழுதுனாங்க, அதை நான் அழிக்கல, அவங்க காசு அஞ்சு நாள் எங்கிட்ட இருந்துச்சே.

ஆனா வலிச்சது அது இல்லங்க. தீபாவளிக்கு மொத நாள் ஸ்ரீரங்கத்துலேர்ந்து ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தவங்க போன் பண்ணாங்க, ஏழு வருஷமா வாங்குறவங்க. "பையன் கனடாலேர்ந்து வந்திருக்கான்மா, எனக்கு எடுத்து வச்சிருப்பீங்கல்ல"ன்னாங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல, போனை அம்மாகிட்ட குடுத்துட்டு வெளில போயிட்டேன்.

அதுக்கப்புறம்தான் இந்த வைரலைப் பத்தி ஒழுங்கா யோசிச்சேன். எங்க பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்துல சின்ன வீரமங்கலம்னு ஒரு கிராமம், யூடியூப்ல சமையல் வீடியோ போடுற வில்லேஜ் குக்கிங் சேனல் அங்கேர்ந்துதான், 2018ல ஆரம்பிச்சு 2021 ஜூலைல 1 கோடி சப்ஸ்கிரைபர் தொட்டாங்க, தமிழ்ல ஒரு கோடியைத் தொட்ட மொத சேனல் அதுதான். அவங்களைப் பாத்துதான் நம்ம பக்கம் பாதிப் பேருக்கு ஆசையே வந்துச்சு, எனக்கும் வந்துச்சு. ஆனா அவங்களுக்கு வீடியோதான் சரக்கு. விளம்பரம் ஓடுது, பார்வைக்குக் காசு வருது, ஒரு கோடி பேர் பாத்தாலும் அந்த வீடியோ தீந்து போகாது. எங்க சரக்கு ஜாடில இருக்கு, 18 கிலோ எடுத்தா ஜாடி காலி. இந்த ரெண்டு தொழிலும் ஒண்ணுன்னு நெனச்சதுதான் நான் பண்ண தப்பு.

இன்னொண்ணு, ரீல்ஸே நம்மளை ஃபாலோ பண்ணாதவங்ககிட்ட கொண்டு போய்க் காட்டுறதுக்குன்னு கட்டுனது. 2020 ஜூன் கடைசில டிக்டாக்கைத் தடை பண்ணாங்க, ஜூலைலயே இன்ஸ்டாகிராம் இங்க ரீல்ஸைக் கொண்டு வந்துட்டாங்க. இன்ஸ்டாகிராமை நடத்துற ஆடம் மொசேரியே சொல்லிருக்காரு, ஒரு ரீல் எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுல முக்கியமானது எவ்வளவு நேரம் பாக்குறாங்க, லைக் பண்றாங்களா, அடுத்தவங்களுக்கு அனுப்புறாங்களா, இந்த மூணும்னு. இதுல வாங்குனாங்களாங்கிறது எங்கயும் இல்ல. பாபநாசத்துல இருக்குற நம்ம வாடிக்கையாளரும் குவைத்ல சும்மா சத்தம் கேக்க வந்தவரும் அந்தக் கணக்குல ஒண்ணுதான். யாரு பாத்தாங்கன்னு இன்ஸ்டாவே காட்டுற இன்சைட்ஸ் கணக்குல பாத்தேன், நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல ஃபாலோ பண்ணாதவங்க, அவங்கள்ல அடுத்த சித்திரைக்குத் திரும்பி வந்தவங்க பதினொரு பேரு.

அந்தப் பதினொரு பேரை நான் கொறைச்சு சொல்லல. தங்கமானவங்க. ஆனா அதுக்காக டீச்சரைக் கைவிட்டிருக்க வேணாம்.

அப்பாகிட்ட இதைச் சொல்லிட்டிருந்தப்ப அவரு சொன்னாரு, "ஜூன் 12 மேட்டூர் தொறந்தா சந்தோஷப்படுறோம், அதே தண்ணி அறுப்பு சமயத்துல வந்தா கதிரு சாஞ்சு மொளைச்சுப் போகுது, தண்ணி மேலயா குத்தம்?" அவருக்கு இன்ஸ்டாகிராம் என்னன்னே தெரியாது.

இதுக்கு நடுவுல தஞ்சாவூர்லேர்ந்து ஒரு மார்க்கெட்டிங் ஆளு வந்து, மாசம் 15,000 குடுங்க இதே மாதிரி மாசத்துக்கு ஒண்ணு வைரல் பண்ணித் தரோம்னாரு. எதை விக்கிறீங்க, எவ்வளவு இருக்கு, எந்த மாசம் இருக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. வேணாம்னு அனுப்பிட்டேன்.

போன வருஷம் வேற மாதிரி பண்ணோம். மாசி மாசமே ஆர்டர் எழுதுற நோட்டு தொறந்துட்டோம், மொதல்ல பழைய வாடிக்கைக்காரங்க, அவங்க எழுதி முடிச்சப்புறம்தான் மத்தவங்க. வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக் போட்டு வெலையைப் பளிச்சுன்னு எழுதிட்டேன், "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" வேலையே இல்ல. ஒரே மெசேஜைப் பல பேருக்கு அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு லிஸ்டுக்கு 256 பேருதான், அதுவும் நம்ம நம்பரை சேவ் பண்ணவங்களுக்கு மட்டும்தான் போகும், அதனால ஒவ்வொரு பார்சல்லயும் நம்பரை சேவ் பண்ணிக்கச் சொல்லி அம்மா கையெழுத்துல ஒரு துண்டுச்சீட்டு வச்சோம். கூகுள் மேப்ல வீட்டைப் போட்டதுல கும்பகோணம் கோயிலுக்கு வந்துட்டு நேரா வீட்டுக்கே வர்றவங்க இருக்காங்க. இன்ஸ்டாவை விடல, ஆனா விளம்பரத்துக்குன்னு 300 ரூபா போட்டா தஞ்சாவூரைச் சுத்தி 40 கிலோமீட்டருக்குள்ள மட்டும் காட்டச் சொல்லி வச்சுடுவேன், அதுவும் ஜாடில சரக்கு இருக்குற மாசத்துல மட்டும்.

நல்லா வித்துக் குடுத்த வீடியோ எதுன்னு கேட்டீங்கன்னா, அதை ரெண்டாயிரம் பேர்கூட பாக்கல. மொட்டைமாடில அம்மா நெத்தி வேர்வையைத் தொடைச்சுக்கிட்டே ஜாடியைத் தொறந்து காட்டி, "இந்த வருஷம் 62 கிலோ வந்திருக்கு, இதுக்கு மேல வெயில் இல்ல, வேணுங்கிறவங்க சொல்லுங்க"ன்னு சொல்வாங்க. நாலு நாள்ல தீந்துச்சு. தீபாவளிக்கு எடுத்து வச்ச 20 கிலோவை நான் தொடவே இல்ல, பூட்டுன அலமாரிச் சாவி அம்மா இடுப்புல.

இந்த வருஷ நோட்டை நேத்து தொறந்தோம். வெங்காயம் அடுத்த வாரம் வருது. மொத வரில டீச்சர் பேரை அம்மாவே எழுதுனாங்க, 2 கிலோ, பக்கத்துல "தீபாவளிக்கு இன்னும் 1 கிலோ"ன்னு போட்டு அடிக்கோடு.