வெப்பக் குழாய்க்கு விலை போடப் போய் ரோட்டில் மாட்டிய கதை

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்குத் தெருவுக்கடியில் வெந்நீர்க் குழாய் போட்டு வீடுகளைச் சூடாக்க என்ன செலவாகும் என்று நான் போட்ட மதிப்பீட்டை, ஒருவழியாக முடித்து அனுப்பியாயிற்று. வெப்பத்தேவை, குழாய் விட்டம், பம்ப் எல்லாம் மென்பொருளே சொல்லிவிடும். உயிரை எடுத்தது மீட்டரும் ரோடும்தான்.

முதலில் மீட்டர். ஒரே பள்ளத்தில் இரண்டு குழாய் போகும், சூடாகப் போவது ஒன்று, ஆறித் திரும்புவது ஒன்று. ஒப்பந்தக்காரர் அனுப்பிய விலை குழாய் மீட்டருக்கா, பள்ளத்து மீட்டருக்கா என்று எங்குமே இல்லை. கேட்டால் "வழக்கமான மீட்டர்தான்" என்கிறார்! விடாமல் கேட்டு எழுத்தில் வாங்கினால், குழாய் மீட்டராம். கேட்காமல் விட்டிருந்தால் குழாய்ச் செலவு பாதியாகத் தெரிந்திருக்கும். எழுத்தில் வராத விலையைத் தொடாதீர்கள்.

அப்புறம் ரோடு. நுரை சுற்றிய எஃகுக் குழாய்தான் விலை என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஊருக்குள் பணத்தை விழுங்குவது தோண்டுவதும் மண் அள்ளுவதும் திரும்ப ரோடு போடுவதும்தான். அதிலும் இங்கே பழைய ரோடுகளுக்கு அடியில் நிலக்கரித் தார் அடுக்கு இருக்கலாம். அது புற்றுநோய் அபாயமுள்ள கழிவு, சாதாரண ரோட்டுக் கழிவோடு சேர்க்க முடியாது, அகற்றும் கட்டணம் எங்கேயோ போய்விடும். துளையிட்டு எடுத்த மாதிரிகளின் அறிக்கை இருக்கிறதா என்று சாலைப் பிரிவில் கேட்டால், பார்ப்பவர் விடுப்பில், வந்த பிறகு "அது எங்கள் வேலை இல்லை". கடைசியில் சும்மா கழிவுநீர்ப் பிரிவுக்கு எழுதிப் பார்த்தேன். அதே தெருவில் சாக்கடைக் குழாய் மாற்றியபோது துளையிட்டிருக்கிறார்கள், அங்கிருந்த அம்மா அன்றைக்கே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார்! பிரதான வீதி முழுக்க அந்த நிலக்கரித் தார்தான். பாதையைப் பின்தெருவின் புல்லோரத்துக்கு மாற்றினோம், நீளம் கூடியும் மொத்தச் செலவு இறங்கியது.

மானியம் நம்பியிருப்பவர்களுக்கு: சாத்தியக்கூறு ஆய்வுக்கு ஜெர்மன் மத்திய அரசின் பிஇடபிள்யூ (இப்படி ஊருக்கு வெப்பக் குழாய் போடுவதற்கான மானியத் திட்டம்) 50 சதவீதம் வரை தருகிறது, ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே யாருக்காவது வேலையை ஒப்படைத்துவிட்டால் கிடைக்காது. இரண்டாம் உலகப்போர்க் குண்டு புதைந்திருக்கிறதா என்ற விசாரணையையும் முதல் வாரமே அனுப்பிவிடுங்கள், பதில் மெதுவாகத்தான் வரும்.

இன்னொன்று, எல்லா வீடும் இணையும் என்று ஊராட்சியில் அடித்துச் சொல்வார்கள். பாதி வீடு மட்டும் இணைந்தால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கையும் பக்கத்திலேயே போட்டுக் கொடுங்கள், தெருப் பள்ளம் எப்படியும் அதே நீளம்தான்.