நாலாவது தடவையில் படிந்த சாரணை

காட்டுக்கீரைச் செடிகளைத் தாளுக்கிடையே அழுத்திக் காயவைத்துச் சேர்க்கும் என் குறிப்பேட்டில் சாரணைப் பக்கம் ஒருவழியாகத் தேறிவிட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு மூன்று முறை பறித்து வந்தேன். மூன்று முறையும் தாளுக்குள்ளேயே வீணாகிப்போனது. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் சொன்ன பேச்சுக் கேட்டுக் காய்ந்தன. சாரணை இலை சதைப்பற்றானது. பலகை வைத்து இறுக்கினாலும் உள்ளே உயிரோடுதான் இருக்கும். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் இலை தனி, தண்டு தனி, நடுவில் பூசணம்.

இந்தத் தடவை அடிக்காம்பைப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரில் பத்து எண்ணும் வரை முக்கி எடுத்தேன். பழைய வேட்டித் துணியில் ஒற்றினேன். துவண்ட இலைகளை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக விரித்து, இரண்டை மட்டும் அடிப்பக்கம் தெரியப் புரட்டி வைத்தேன். முதல் மூன்று நாள் காலையும் மாலையும் செய்தித்தாள் மாற்றம். வழவழப்பான வண்ணத்தாள் வேண்டாம், அது ஈரத்தை இழுக்காது. முதல் நாள் எடுத்த தாளில் செடியின் உருவம் அப்படியே ஈரமாக இறங்கியிருந்தது. பச்சை கொஞ்சம் மங்கியதுதான், ஆனால் ஓர் இலைகூட உதிரவில்லை!

இவ்வளவு பாடு எதற்கென்றால், முந்தைய பக்கத்தில் மூக்கிரட்டை இருக்கிறது. இரண்டும் தரையில் படர்பவை. இரண்டிலும் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் விளங்கும். மூக்கிரட்டைப் பூ மெல்லிய காம்பில் தள்ளி நிற்கும், காய் துணியில் ஒட்டும். சாரணைக்கு மானூர்ப் பக்கம் களையெடுத்த ஆச்சி சொன்னதையே எழுதிவைத்தேன்: "எய்யா, பூ கணுக்குள்ள ஒளிஞ்சிருக்கா பாரு. அப்போ சாரணைதான்."

சமையல் குறிப்பு: வேகவைத்து முதல் தண்ணீரை வடித்துவிட்டு, பாசிப்பருப்போடு கடைந்தோம். லேசான உப்புச் சுவை இயல்பாகவே இருக்கிறது, உப்பைக் குறைத்துப் போட வேண்டும்.

இன்னும் அட்டையில் தைக்கவில்லை. மைதாப் பசைக்குப் பூச்சி வருவதால் இப்போதெல்லாம் நூல்தான். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய தடித்த அட்டை எடைக்குக் கிடைக்கிறது. 28க்கு 42 சென்டிமீட்டர் அளவில் நறுக்கிக்கொள்கிறேன்.

அதற்குள் மனசு அதலைக்காய்க்குப் போய்விட்டது. கரிசலில் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து மழைக்குத் துளிர்க்கும் கொடி அது. பறித்த காயை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் பார்த்தால் வெடித்துக் கிடக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கயத்தாறு பக்கம் போகிறேன். பலகை, தாள், கயிறு எல்லாம் கையோடு. வரப்பிலேயே காயைப் பிளந்து அழுத்திவிட வேண்டும்.