மடிப்புத் தடம் தேடி: ஒரு போர்க்காலப் போஸ்டர் வீட்டுக்கு வந்த கதை

சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னக் குழந்தை. எதிரே கிண்ணம். நெற்றியில் கை வைத்து சல்யூட் அடிக்கிறது. ஓட்ஸ், மக்காச்சோளக் கஞ்சி, பால் சேர்த்த சோறு இவற்றைச் சாப்பிடு, கோதுமையை நம் சிப்பாய்களுக்கு விட்டு வை என்று எழுதியிருக்கிறது. கடைசி வரி: தட்டில் எதையும் மிச்சம் வைக்காதே.

குஷ்மன் பார்க்கர் வரைந்த இந்த அமெரிக்கப் போஸ்டரை ஒரு நூலகக் கண்காட்சியில் முதன்முதலாகப் பார்த்தேன். கீழே சிந்திய பருக்கையைக்கூடப் பொறுக்கித் தட்டில் போடச் சொன்ன பாட்டியிடம் வளர்ந்தவன் நான். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அங்கிருந்து நகர முடியவில்லை. பென்சில்வேனியாவுக்குக் குடிவந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. இதில் ஒன்றாவது அசலாக என் வீட்டில் இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

இந்தப் போஸ்டர்கள் ஏன் வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஆகஸ்டில் உணவு நிர்வாகம் என்ற அமைப்பு உருவானது. அதன் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அதிபரானவர். வீடுகளுக்கு ரேஷன் அட்டை கொடுக்காமல், மக்கள் தாமாகவே குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற வழியை அவர் எடுத்தார். இறைச்சி இல்லாத நாள், கோதுமை இல்லாத நாள் எல்லாம் அப்படி வந்தவைதான். கோதுமை கப்பலில் கெடாமல் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரும், மக்காச்சோள மாவு அப்படித் தாங்காது. அதனால் மக்காச்சோளத்தை இங்கே சாப்பிடு, கோதுமையை அங்கே அனுப்பு என்று கேட்டார்கள். கட்டாயப்படுத்தாமல் கேட்பதென்றால் மனதைத் தொடுகிற மாதிரி கேட்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் நல்ல ஓவியர்களைப் பிடித்தார்கள்.

சரி, வாங்கப் போன கதைக்கு வருகிறேன். என் முதல் போஸ்டர் போலி. இணையத்தில் ஒரு விற்பனையாளர், பழைய வீட்டுப் பரணில் கிடைத்தது என்று போட்டிருந்தார். 60 டாலர். வந்ததைப் பார்த்தால் காகிதம் பழுப்பாக, பழசு போலவே இருந்தது. இரண்டு மாதம் சுவரில் வைத்து எல்லோருக்கும் காட்டினேன். பிறகு பழைய காகிதப் பொருட்கள் விற்கும் சந்தையில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். நாற்பது வருடமாக இதே தொழில். என் கைபேசியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “அளவு என்ன?” என்று மட்டும் கேட்டார். 18க்கு 24 அங்குலம் என்றேன். தலையை ஆட்டினார். உணவு நிர்வாகத்தின் போஸ்டர்களில் பல ஏறக்குறைய 20க்கு 30 அங்குலம். இன்று கடையில் விற்கும் படச் சட்டங்களுக்குப் பொருந்துகிற அளவில் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்றார்.

போலி என்று சொன்னாலும் அச்சடிப்பது குற்றமில்லை. இவை அரசு வெளியிட்டவை, பதிப்புரிமை கிடையாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே தெளிவான படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது, யாரும் எடுத்து அச்சிடலாம். அசல் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

அந்த முதியவர் அன்று ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். படத்தைப் பார்க்காதே, காகிதத்தைப் பார் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. நகைக்கடையில் கல் பார்க்கும் லூப் ஒன்றைக் கையில் கொடுத்தார். அந்தக் காலத்துப் போஸ்டர்கள் பலவும் கல்லச்சு முறையில், அதாவது கல்லில் வரைந்து மை ஏற்றி அச்சிடும் லித்தோகிராஃப் முறையில் வந்தவை. லூப் வழியே பார்த்தால் நிறம் கரடுமுரடான சுவரில் சாக்பீஸ் தேய்த்தது போல ஒழுங்கில்லாமல் தெரிகிறது. இன்றைய அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூக்களாக வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் புள்ளி வைத்து அச்சிடுவது 1917லும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடுத்தது புற ஊதா டார்ச். இன்றைய வெள்ளைக் காகிதத்தில் கலக்கும் வெளுப்பான் அந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிடும். அது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு என் போஸ்டர் மேல் டார்ச் அடித்தேன். பழுப்புச் சாயம் ஏறாத பின்பக்கம் முழுக்க நீலம்.

மடிப்புத் தடத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் மனதில் தங்கியது. இந்தப் போஸ்டர்களில் பலவற்றைப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கடைகளுக்கும் மடித்துத்தான் அனுப்பினார்கள். மலிவான மரக்கூழ்க் காகிதம், சில வாரம் சுவரில் இருந்தால் போதும் என்று அடித்தது. அதனால் மடிப்புக் கோடும், ஓரத்தில் ஏறிய பழுப்பும், மூலையில் ஊசித் துளையும் இருந்தால் வருத்தப்படத் தேவையில்லை. எனக்கு இப்போது மடிப்பே இல்லாத போஸ்டரைப் பார்த்தால்தான் தயக்கம்.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் ஏலப் பட்டியல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தரத்தை ஏ, பி, சி என்று போடுவார்கள். ஏ என்றால் கிட்டத்தட்ட குறையே இல்லை, சி என்றால் சேதம் கண்ணுக்குத் தெரியும். வெறும் எழுத்தை நம்பாமல் பின்பக்கப் படமும், மூலைகளின் நெருக்கமான படமும் கேட்டு வாங்குவேன். அட்டையில் சூடாக்கி ஒட்டியவற்றை அப்படியே விட்டுவிட்டேன். அதைப் பிரிக்கப் போனால் காகிதமே கிழிந்துவிடும்.

ஒரு நாள் அந்தக் குழந்தை வந்தது. தரம் பி. நடுவில் மடிப்பு, மேலே ஒரு கிழிசல், பின்னால் யாரோ ஒட்டிய செலோடேப். 320 டாலருக்கு எனக்கு விழுந்தது. ஏல நிறுவனத்தின் கமிஷன் 25 சதவீதம், அதாவது இன்னொரு 80. புதிதாக வருகிறவர்கள் இந்தக் கமிஷனை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தபால் செலவு தனி. குறுகலான குழாயில் இறுக்கிச் சுருட்டினால் பழைய காகிதம் வெடித்துவிடும், அகலமான குழாயில் அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டேன்.

பழுது பார்க்க ஒரு காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுத்தேன். நிறம் கரைகிறதா என்று ஒரு மூலையில் சோதித்தார். பிறகு நீரில் நனைத்து அமிலத்தைப் போக்கினார். பின்னால் மெல்லிய ஜப்பானியக் காகிதம், அதற்குப் பின்னால் கித்தான். ஒட்டியது கோதுமை ஸ்டார்ச் பசையால். நாளைக்கு வேறொருவர் ஈரப்படுத்திப் பிரித்து எடுக்கலாம், அதனால்தான் இந்தப் பசை என்று விளக்கினார். ஊரில் விடியற்காலையில் மைதாப் பசை வாளியும் துடைப்பமுமாக சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த மணம் எனக்குப் புதிதில்லை. கித்தானில் ஒட்டாமல் அப்படியே வைப்பதே சரி என்று சொல்கிற சேகரிப்பாளர்களும் உண்டு. நல்ல நிலையில் இருப்பதற்கு அது பொருந்தும். என்னுடையது மடிப்பில் பிரிந்துகொண்டிருந்தது, அதனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

செலோடேப் கறை முழுதாகப் போகவில்லை. மேலே நிறம் பூசி மறைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கிழிந்ததும் தூக்கிப் போடாமல் யாரோ ஒருவர் இதை ஒட்டி வைத்திருக்கிறார். அந்தக் கை இல்லையென்றால் என்னிடம் வந்திருக்காது.

சமையலறையில் மாட்டத்தான் ஆசை. ஆவியும் எண்ணெயும் ஆகாது என்று அவர் தடுத்துவிட்டார். அமிலமில்லாத அட்டை, புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக், காகிதத்தைத் தொடாதபடி இடைவெளி என்று சட்டம் போட்டு, வெயில் படாத கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். சாப்பிடும் இடத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிறது. அடுத்து சார்லஸ் சேம்பர்ஸ் வரைந்த போஸ்டரைத் தேடுகிறேன். நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கும் குடியேறிகளின் படம். சுதந்திரத்தைத் தேடி இங்கே வந்தீர்கள், இப்போது அதைக் காக்க உதவுங்கள் என்று அவர்களிடம் கேட்கிறது. ஆங்கிலம் தெரியாதவர்களும் படிக்க வேண்டும் என்று இத்தாலியனிலும், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியிலும் அச்சிட்டார்கள். எனக்கு இத்திஷ் பிரதிதான் வேண்டும். லூப்பும் டார்ச்சும் பையிலேயே இருக்கின்றன.