சொந்த ஊருக்கு ஒரு டூர்

மே 12, 2025, திங்கள்

ஊட்டி பிளான் ஊத்திக்கிச்சு. வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் நேத்து நைட்டு ஆளுக்கொரு காரணம் சொல்லி கழண்டுட்டாங்க, லீவு வேற போட்டாச்சு, சரி தர்மபுரியவே சுத்துவோம்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்கு சொந்தக்காரங்க வந்தா நாங்க கூட்டிட்டு போற ஒரே இடம் ஒகேனக்கல், அதுவும் 46 கிலோமீட்டர் தள்ளி. ஊருக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா நாலு ரோடுன்னு தான் சொல்லத் தெரியும். ஸ்கூட்டிய தொடக்கூடாதுன்னு மட்டும் ஒரு கண்டிஷன். டவுன் பஸ்ல லேடீஸுக்கு ஃப்ரீ தானே.

மே 13

கோட்டை காமாட்சியம்மன் கோயில். பக்கத்துலயே மல்லிகார்ஜுனர், முன்னாடி இந்தப் பக்கம் ஆண்ட நொளம்ப ராஜாக்கள் காலத்து கோயில். தொங்கும் தூண்னு சின்ன வயசுலருந்து கேள்விப்பட்டதோட சரி. இன்னைக்கு குனிஞ்சு துப்பட்டா நுனிய தூணுக்கு அடில விட்டேன், அந்தப் பக்கமா வந்துடுச்சு. எவ்ளோ பெரிய கல்லு, தரைய தொடாம மேலருந்து புடிச்சு நிக்குது! நாலு தடவ விட்டு விட்டு எடுத்தேன். ஒரு பெரியம்மா பாத்துட்டே இருந்தாங்க.

"யார் கூட வந்த கண்ணு?"

"தனியா தாம்மா."

"ஏன், வீட்ல எதாச்சும் பிரச்சனையா?"

மே 15

காலைலயே பட்டுக்கூடு மார்க்கெட். ட்ரே ட்ரேயா வெள்ள வெள்ளயா கூடு கொட்டி வச்சிருக்காங்க, ஒரு மாதிரி புழு வாசன, மூக்க மூடுனா மரியாதையா இருக்காதேன்னு அடக்கிட்டு நின்னேன். "எத்தன கிலோ கொண்டாந்தீங்க?"ன்னு ஒரு அண்ணன் கேட்டாரு, சும்மா பாக்க வந்தேன்னு சொன்னா நம்பவே இல்ல. அப்புறம் அவரே ஒரு கூட்ட எடுத்து என் காதுகிட்ட ஆட்டி காட்டுனாரு. உள்ள லொடலொடன்னு சத்தம். அதுக்குள்ள சுருண்டிருக்குற ஒத்த நூலு ஆயிரம் மீட்டர் வரைக்கும் வருமாம். பட்டுப்புடவ கட்டுறப்ப இந்த சத்தம் ஞாபகம் வராம இருக்கணும் சாமி.

மத்தியானம் மியூசியம். நடுகல்லுங்க தான் முக்கியம், பல்லவர் காலத்து வட்டெழுத்து, ஒரு எழுத்தும் புரியல. மாட்டு மந்தைக்கு அப்ப தொறுன்னு பேரு, தொறு மீட்கப் போய் செத்தவங்களுக்கு நட்ட கல்லு நம்ம பக்கம் அவ்ளோ இருக்கு. ஒரு கல்லுல வில்லோட நிக்கிற ஆளு, நெஞ்சுல அம்பு குத்தி நிக்குது, கால் பக்கத்துல குட்டியா கெண்டியும் (மூக்கு வச்ச சொம்பு) சிமிழும். செத்தவனுக்கு கள்ளு வச்சாங்க போல. அந்த கெண்டிய தான் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன்.

மே 20

லீவு முடிஞ்சிருச்சு, ஆனா தேய்பிறை அஷ்டமிய விட மனசில்லாம பர்மிஷன் போட்டு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு போயிட்டேன். பயங்கர கூட்டம், எங்க பாத்தாலும் சாம்பல் பூசணி, ரெண்டா வெட்டி சதைய வழிச்சு எண்ண ஊத்தி விளக்கு போடுறாங்க, கீழெல்லாம் எண்ணெயும் பூசணி வெதையும் வழுக்குது. இங்க ஒருத்தரும் என்னைய தனியா வந்தியான்னு கேக்கல. பெங்களூர்லருந்து வந்த அக்கா ஒருத்தங்க "கொஞ்சம் புடிங்க"ன்னு பாதி பூசணிய என் கைல குடுத்துட்டு தீப்பெட்டி தேடுனாங்க. மாசாமாசம் வருவாங்களாம்.

"நீங்க எந்த ஊரு?"

"இதோ, தர்மபுரி தாங்க்கா."

"அப்ப பக்கம் தானே, அடிக்கடி வருவீங்க."

"இல்லக்கா, இப்ப தான் ஃபர்ஸ்ட் டைம்."

ஒரு மாதிரி பாத்துட்டு, பூசணிய திருப்பி வாங்கிக்கிட்டாங்க.